சென்னையிலிருந்து கொள்ளிடக் கரைக்குச் சொந்தக் கால் பலத்தில்: நடந்தா, அப்பாவின் சைக்கிளிலா?

கொள்ளிடத்தான் கேட்கிறார்:

அனைவருக்கும் வணக்கம். எனக்கு 48 வயதாகிறது. சென்னையில் அலுவலக வேலை பார்க்கிறேன். பகல் பொழுது முழுவதும் நாற்காலியில்தான் கழிகிறது. காலையில் நாற்பது நிமிடம் நடப்பதைத் தவிர வேறு உடற்பயிற்சி கிடையாது. சர்க்கரையோ இரத்த அழுத்தமோ இதுவரை இல்லை.

என் தந்தையார் சிதம்பரத்துக்குத் தெற்கே கொள்ளிடக் கரையோரக் கிராமம் ஒன்றில் தபால்காரராக இருந்தவர். கறுப்பு நிற ஹெர்குலிஸ் சைக்கிள் ஒன்றில், கேரியரில் காக்கிப் பையைக் கட்டிக்கொண்டு, நாள்தோறும் ஏழெட்டுக் கிராமங்களைச் சுற்றி வருவார். ஓய்வு பெற்று எங்களுடன் சென்னைக்கு வந்தபோது அந்தச் சைக்கிளையும் லாரியில் ஏற்றிக்கொண்டு வந்தார். இரண்டு ஆண்டுகளுக்கு முன் அவர் காலமானார். இப்போது என் தம்பி ஊரில் உள்ள பழைய வீட்டைப் பழுதுபார்த்து முடித்திருக்கிறான். அப்பாவின் சைக்கிள் அந்தத் திண்ணைக்குத் திரும்ப வேண்டும் என்று இருவரும் விரும்புகிறோம். மீண்டும் லாரியில் அனுப்பிவிடலாம்தான். ஆனால் வாழ்நாள் முழுவதும் அவர் தம் கால்களால் ஓட்டிய வண்டியை நானும் என் கால்களால்தான் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும் என்ற எண்ணம் சில மாதங்களாக என்னை விடாமல் இருக்கிறது.

கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாக மாமல்லபுரம், மரக்காணம், புதுச்சேரி, கடலூர், சிதம்பரம் என்று ஏறக்குறைய 230 கி.மீ. வருகிறது. மூன்று நாள் விடுப்பு எடுக்க முடியும். தேவைப்பட்டால் நான்காவது நாளும் கிடைக்கும். சென்ற வாரம் சோதனையாக ஐந்து கி.மீ. ஓட்டிப் பார்த்தேன். இரண்டு முழங்கால்களின் முன்பக்கமும் வலித்தன. மிதிக்கும்போது அடியில் ‘டக் டக்’ என்று ஓர் ஓசையும் கேட்கிறது. நடந்து போவதுதான் பாதுகாப்பு, சைக்கிளைத் தள்ளிக்கொண்டே போய்விடலாம் என்று ஒரு நண்பர் சொல்கிறார். கியர் வைத்த புதிய சைக்கிள் வாங்கிக்கொள் என்று இன்னொருவர் சொல்கிறார். இந்தத் தூரத்தை என் உடல் தாங்குமா? அனுபவம் உள்ளவர்கள் வழி சொல்ல வேண்டுகிறேன்.

நெடும்பாதை எழுதுகிறார்:

வணக்கம் ஐயா. நான் சில ஆண்டுகளாக ‘பிரெவே’ எனப்படும் நெடுந்தூரச் சைக்கிள் பயணங்களில் கலந்துகொண்டு வருகிறேன். அவற்றில் 200 கி.மீ. தூரத்தைப் பதின்மூன்றரை மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும். உங்களுக்கு மூன்று நாட்கள் இருக்கின்றன. ஆகவே தூரத்தை எண்ணி அஞ்ச வேண்டாம். உடலிலிருந்து ஒரு மணி நேரத்துக்கு எவ்வளவு உழைப்பைக் கேட்கிறீர்கள் என்பதுதான் உங்களைச் சிதம்பரத்தில் சேர்ப்பதையோ வழியில் படுக்க வைப்பதையோ முடிவு செய்யும்.

பயிற்சி இல்லாத, ஆரோக்கியமான ஒருவர் மணிக்கணக்கில் தொடர்ந்து தரக்கூடிய தசை ஆற்றல் ஏறத்தாழ 75 வாட். பழைய மின்விசிறி ஒன்றை ஓட்டும் அளவு அது. நிமிர்ந்து உட்கார்ந்து ஓட்டும் கனமான சைக்கிளில், சமதளத் தார்ச்சாலையில், காற்று இல்லாத வேளையில், மணிக்கு 16 கி.மீ. வேகத்துக்கு அந்த அளவே போதுமானது. அதே வண்டியை 24 கி.மீ. வேகத்தில் ஓட்ட நினைத்தால் 160 வாட் அளவுக்குத் தேவைப்படும். வேகம் ஒன்றரை மடங்காகும்போது உழைப்பு இரண்டு மடங்குக்கு மேல் ஏறுவதற்குக் காரணம் காற்றுதான்: வேகம் கூடும்போது காற்றின் தடை அதன் வர்க்கத்துக்கு ஏற்பவும், அந்தத் தடையைத் தள்ளத் தேவையான ஆற்றல் வேகத்தின் மும்மடிக்கு ஏற்பவும் கூடுகின்றன. புதியவர்கள் முதல் இரண்டு மணி நேரம் உற்சாகத்தில் 22, 24 என்று ஓட்டிவிட்டு, தசையில் சேமித்திருந்த மாவுச்சத்து தீர்ந்ததும் சாலையோரத்தில் உட்கார்ந்துவிடுவதை ஒவ்வொரு பயணத்திலும் பார்க்கிறேன். பக்கத்தில் வருபவரிடம் மூச்சு வாங்காமல் முழு வாக்கியமாகப் பேச முடிகிற அளவில் மிதியுங்கள். அந்த அளவில் உடல் கொழுப்பையும் நன்றாக எரித்துக்கொள்ளும், மாவுச்சத்து நெடுநேரம் தாங்கும்.

சீரான உழைப்பு எதைச் சாதிக்கும் என்பதற்கு எனக்குப் பிடித்த சான்று ஒன்று உண்டு. 1988 ஏப்ரல் 23 அன்று கானெலோஸ் கானெலோபுலோஸ் என்ற கிரேக்க சைக்கிள் வீரர், ‘டெடலஸ்’ என்ற இறகு போன்ற விமானத்தைப் பெடல் மிதித்தே ஓட்டி, கிரீட் தீவிலிருந்து சாண்டோரினி வரை 115 கி.மீ. தூரத்தை 3 மணி 54 நிமிடத்தில் கடந்தார். அவரால் 200 வாட்டுக்கு மேல் அவ்வளவு நேரம் தர முடிந்தது. உங்களால் 75 முடியும். அவர் தம் அளவை மீறாமல் இருந்தது போலவே நீங்களும் உங்கள் அளவில் நின்றால் போதும்.

நாளுக்கு 75 முதல் 80 கி.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். மிதிக்கும் நேரம் ஐந்து மணிதான் ஆகும். முதல் இரவு மரக்காணத்துக்கு முன்பாகவே எங்காவது தங்கிவிடலாம். இரண்டாம் இரவு கடலூர். மாதத்தைத் தேர்ந்தெடுப்பது மிகவும் முக்கியம். தை, மாசியில் நம் கடற்கரையில் வடகிழக்குக் காற்று வீசுவதால், தெற்கு நோக்கிப் போகிறவருக்கு அது பெரும்பாலும் முதுகுப் பக்கம் இருக்கும். மணிக்கு 10 கி.மீ. எதிர்காற்று இருந்தால் அதே 16 கி.மீ. வேகத்துக்கு 120 வாட் வரை தேவைப்படும் என்பதை நினைத்துப் பார்த்தால், காற்றைப் பார்த்து நாள் குறிப்பது எவ்வளவு மிச்சம் என்று விளங்கும்.

சாலையைப் பற்றியும் சொல்ல வேண்டும். சனி, ஞாயிறுகளில் புதுச்சேரிக்குப் போகும் கார்கள் மிக விரைவாக வரும். செவ்வாய் அல்லது புதன் கிளம்புங்கள். ஜேசன் லூயிஸ் என்ற ஆங்கிலேயர் 1994 முதல் 2007 வரை தசை ஆற்றலாலேயே உலகைச் சுற்றி வந்தவர். பெருங்கடல்களைப் பெடல் படகில் கடந்த அவருக்கு, அமெரிக்காவில் ஒரு சாதாரணச் சாலையில் பின்னாலிருந்து கார் மோதியதில்தான் இரு கால்களும் முறிந்தன. ஆகவே பின்பக்கம் சிவப்பு விளக்கு, ஒளிரும் மேற்சட்டை, பொழுது சாய்வதற்கு முன் தங்குமிடம் ஆகிய மூன்றையும் எக்காரணம் கொண்டும் விட்டுவிடாதீர்கள்.

சக்கரம்63 எழுதுகிறார்:

தம்பி, நான் நாற்பது ஆண்டுகளாகச் சைக்கிள் கடை வைத்திருப்பவன். புதிய வண்டி வாங்க வேண்டியதில்லை. உங்கள் முழங்கால் வலிக்கும் அந்த ஓசைக்கும் காரணம் என்னவென்று எனக்குத் தெரிகிறது.

முதலில் வலி. தபால்காரர்கள் வீட்டுக்கு வீடு நின்று இறங்குபவர்கள். அதனால் உட்கார்ந்தபடியே காலைத் தரையில் ஊன்றும்படி சீட்டைத் தாழ்த்தி வைத்திருப்பார்கள். உங்கள் அப்பாவும் அப்படித்தான் வைத்திருப்பார். தாழ்ந்த சீட்டில் நெடுந்தூரம் மிதித்தால் முழங்கால் ஒவ்வொரு சுற்றிலும் அளவுக்கு மேல் மடங்கும்; முழங்கால் சில்லின் மேல் பாரம் ஏறும்; முன்பக்கம் வலிக்கும். சுவரைப் பிடித்துக்கொண்டு சீட்டில் உட்காருங்கள். பெடலை அடிமட்டத்துக்குக் கொண்டுவந்து குதிகாலை அதன்மேல் வையுங்கள். கால் நேராக நீள வேண்டும், இடுப்பு சாயக் கூடாது. அந்த உயரத்தில் சீட்டை முடுக்கிவிட்டு, ஓட்டும்போது பாதத்தின் முன்பகுதியால் மிதித்தால் முழங்கால் சற்றே மடங்கி நிற்கும். அதுதான் சரியான அளவு. இறங்கும்போது சீட்டைவிட்டு முன்னால் வந்து ஒரு காலை ஊன்றப் பழக வேண்டும். இரண்டே நாளில் பழகிவிடும்.

அடுத்து ஓசை. பழைய ஹெர்குலிஸில் பெடல் தண்டை அச்சோடு பிணைப்பது காட்டர் பின் என்ற சிறு இரும்பு ஆப்பு. அது தேய்ந்தால் ஒவ்வொரு மிதியிலும் தண்டு கொஞ்சம் நழுவி ‘டக்’ என்று அடிக்கும். மலிவான பொருள்தான், ஆனால் கெட்ட பின்னோடு 230 கி.மீ. போனால் அச்சே பாழாகிவிடும். இரு பக்கமும் மாற்றுங்கள். கையோடு ஓவராயிலிங் செய்துவிடச் சொல்லுங்கள்: பழைய கிரீஸை மண்ணெண்ணெயில் கழுவி, பால்ரஸ் குண்டுகளைப் புதிதாகப் போட்டு, இரு சக்கரத்துக்கும் பெண்டு எடுத்து, தளர்ந்த கம்பிகளை இறுக்கித் தருவார்கள்.

கியர் இல்லையே என்று கவலைப்பட வேண்டாம், ஆனால் பல் எண்ணிக்கையைப் பாருங்கள். செயின் ஓடும் பல்சக்கரங்களில் முன்னால் 44 பல்லும் பின்னால் 18 பல்லும் இருந்தால், ஒரு மிதிச் சுற்றுக்கு வண்டி ஏறத்தாழ ஐந்தரை மீட்டர் நகரும். 16 கி.மீ. வேகத்தில் நிமிடத்துக்கு 49 சுற்றுதான் வரும். அதாவது ஒவ்வொரு மிதியும் கனமாக இருக்கும். ஃப்ரீவீல் எனப்படும் பின் பல்சக்கரத்தை 22 பல்லுக்கு மாற்றினால் அதே வேகத்தில் 60 சுற்று வரும், மிதி இலேசாகும். 22 கிடைக்காவிட்டால் 20 போடுங்கள். பாரம் ஏற்றும் வண்டிக்காரர்கள் எங்கள் கடையில் பெரிய பல் கேட்டு வாங்கிப் போவது இதற்காகத்தான். செயினில் ஒரு கண்ணி கூட்ட வேண்டியிருக்கலாம்.

பிரேக்கில் கவனம் வேண்டும். உங்கள் வண்டியில் இருப்பது கம்பி பிரேக், அதாவது கேபிளுக்குப் பதில் இரும்புக் கம்பிகள் இழுத்துப் பிடிக்கும் பிரேக். ரிம் ஈரமானால் பாதிதான் பிடிக்கும். புதுக் கட்டை போட்டாலும் மழையில் ஓட்ட வேண்டாம். வால்வில் உள்ள சின்ன ரப்பர் வால்டியூப் நாளானால் காய்ந்து வெடித்துவிடும். பஞ்சர் இல்லாமலே காற்று இறங்கினால் முதலில் அதைப் பாருங்கள். நான்கு அங்குலம் வால்டியூப் வாங்கிப் பையில் வைத்துக்கொண்டால் போதும். அதோடு ஒரு பம்ப், சொல்யூஷன், ஒட்டுத் துண்டுகள், உப்புத்தாள், ஒரு புது டியூப். மரக்காணம் வரை சில இடங்களில் பஞ்சர் கடைகள் இருந்தாலும் அவை பைக்குக்கும் காருக்கும்தான். 28 அங்குலச் சைக்கிள் டியூப் அங்கே இருக்கும் என்று நம்பிப் போகாதீர்கள்.

குன்றக்குடி நடையர் எழுதுகிறார்:

நடந்து போவதைப் பற்றிக் கேட்டிருப்பதால் எழுதுகிறேன். தைப்பூசத்துக்குக் குன்றக்குடியிலிருந்து சிங்கம்புணரி, நத்தம், திண்டுக்கல் வழியாகப் பழனிக்குப் பாதயாத்திரை போகும் கூட்டத்தில் பதினோரு முறை நடந்திருக்கிறேன். நூற்றைம்பது கி.மீ.க்கு மேல் வரும். நடை என் உயிருக்கு நெருக்கமானது. இருந்தாலும் உங்களுக்கு நான் நடையைச் சொல்ல மாட்டேன்; அதற்கு மூன்று காரணங்கள் உண்டு.

முதலாவது நாள் கணக்கு. பழக்கம் இல்லாதவர் நாளுக்கு 25 கி.மீ.க்கு மேல் நடந்தால் மூன்றாம் நாள் எழ முடியாது. உங்கள் தூரத்துக்கு ஒன்பது நாட்கள் வேண்டும். நடக்கையில் ஒவ்வோர் அடியிலும் உடல் முழுவதும் சற்று மேலெழுந்து இறங்குகிறது, முன்வைத்த கால் ஒவ்வொரு முறையும் ஒரு சிறு தடையாகவும் அமைகிறது. சைக்கிளில் உடல் பாரத்தைச் சீட்டு தாங்கிக்கொள்கிறது. நடைக்குக் கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 50 கிலோகலோரி செலவானால், நிதானமான சைக்கிள் மிதிப்புக்கு 20 முதல் 25 வரைதான் ஆகும் என்று எங்கள் குழுவில் வரும் மருத்துவர் சொல்வார்.

இரண்டாவது, பாதம். முதல் ஆண்டு இரண்டாம் நாள் மாலையிலேயே என் இரு உள்ளங்கால்களிலும் புளியங்கொட்டை அளவுக்குக் கொப்புளங்கள் வந்துவிட்டன. கூட வந்தவர் ஊசியில் நூல் கோத்து உள்ளே விட்டு நீரை வடித்தார், பலரும் செய்வதுதான். எனக்கு அது சீழ் பிடித்து, ஊர் திரும்பியபின் பத்து நாள் படுக்கையில் கிடந்தேன். அதன்பின் தோலைத் தொடவே விடுவதில்லை. அரை அளவு பெரிய செருப்பு, இரண்டு அடுக்குக் காலுறை, இரவில் தேங்காய் எண்ணெய், இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை காலுறையைக் கழற்றிப் பாதத்தை உலர்த்துவது என்று போகிறேன், கொப்புளம் வருவதில்லை.

மூன்றாவது காரணம்தான் பெரியது. பழனிச் சாலையில் எங்களை ஊரே தாங்குகிறது. விடியற்காலை மூன்று மணிக்கு ஒரு வீட்டு வாசலில் சுக்குக் காப்பி, பத்து மணிக்கு ஒரு தோப்பில் நீர்மோர், நண்பகலில் முன்பின் தெரியாதவர் வீட்டுக் கூடத்தில் பாய். நத்தம் பக்கத்தில் ஒரு பாட்டி எல்லார் கால்களுக்கும் வெந்நீர் ஊற்றுவார். தனியாகக் கடற்கரைச் சாலையில் ஒன்பது நாள் நடப்பவருக்கு அது கிடைக்காது. அதிலும் 20 கிலோவுக்கு மேல் எடையுள்ள சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடப்பது, முதுகை ஒரு பக்கமாகவே சாய்த்துக்கொண்டு நடப்பது. வேண்டவே வேண்டாம்.

நடைக்காரர்களிடமிருந்து நீங்கள் எடுத்துக்கொள்ள வேண்டியது நேரம்தான். இருள் பிரியும் வேளையில் தொடங்கி, பத்தரை மணிக்கெல்லாம் நிழலுக்குப் போய்விடுங்கள். மூன்றரைக்குப் பிறகு மிச்சத்தைப் பாருங்கள். தாகம் எடுக்கும்வரை காத்திராமல் மணிக்கு அரை லிட்டருக்குக் குறையாமல் குடியுங்கள். வெறும் தண்ணீராக இல்லாமல் உப்புப் போட்ட மோராக இருந்தால் நல்லது.

புதுகைத் தோழி எழுதுகிறார்:

அண்ணா, உடல் தாங்குமா என்று கேட்டிருக்கிறீர்களே, அதற்கு மட்டும் பதில் சொல்கிறேன். 1991இல் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் என்ற எழுத்தறிவு இயக்கம் நடந்தது. அப்போது ஆட்சியராக இருந்தவர் ஷீலா ராணி சுங்கத். எழுத்தோடு சைக்கிளும் கற்றுக்கொடுத்தார்கள். கல் குவாரியில் வேலை செய்த பெண்கள், விவசாயக் கூலிகள், அங்கன்வாடிப் பணியாளர்கள் என்று ஆயிரக்கணக்கானவர்கள் ஓட்டக் கற்றோம். லேடீஸ் சைக்கிள் போதவில்லை. ஆண்கள் ஓட்டும் பார் வைத்த பெரிய வண்டியிலேயே புடவையோடு பழகினோம். அதற்கு முன் எனக்கு உடற்பயிற்சி என்றால் என்னவென்றே தெரியாது.

நான் செய்தது இவ்வளவுதான். முதல் வாரம் வீட்டிலிருந்து குளம் வரை. அடுத்த வாரம் பக்கத்து ஊர்ச் சந்தை. அதற்கடுத்த வாரம் கேரியரில் ஒரு குடம் தண்ணீரோடு. ஒரு மாதம் கழித்து நாளுக்கு இருபது கி.மீ.க்கு மேல் ஓட்டிக்கொண்டிருந்தேன், அலுப்பே தெரியவில்லை. பேருந்துக்குக் காத்திருந்த காலமெல்லாம் மிச்சமாகி, யாரையும் கேட்காமல் நினைத்த நேரத்தில் கிளம்பிப் போய் வந்தது என் வாழ்க்கையில் மிகப் பெரிய விஷயம். அதனால்தான் உங்கள் கேள்வியைப் படித்ததும் எழுத வேண்டும் என்று தோன்றியது.

வாரத்துக்கு ஒருமுறை பத்து கி.மீ. கூட்டிக்கொண்டே போங்கள். ஆறு வாரம் போதும். பையை முதுகில் மாட்டாதீர்கள். கேரியரில் தாழ்வாக, இரண்டு பக்கமும் சமமாகத் தொங்கவிட்டு, டியூப் ரப்பரால் இறுக்கிக் கட்டுங்கள். பாலத்து ஏற்றத்தில் மூச்சு வாங்கினால் இறங்கித் தள்ளுங்கள். குடத்தோடு நாங்கள் அப்படித்தான் போனோம்.

கொள்ளிடத்தான் எழுதுகிறார்:

ஏழு வாரங்களுக்குப் பிறகு எழுதுகிறேன், தாமதத்துக்குப் பொறுத்துக்கொள்ளுங்கள். நீங்கள் சொன்னதையெல்லாம் செய்து பார்த்த பிறகே எழுத வேண்டும் என்று இருந்தேன்.

காட்டர் பின் இரண்டும் மாற்றியாகிவிட்டது. கழற்றிய பழைய பின்னில் ஒரு பக்கம் நகம் பதியும் அளவுக்குக் குழி விழுந்திருந்தது. சீட்டை ஏறத்தாழ இரண்டரை அங்குலம் உயர்த்த வேண்டியிருந்தது. சீட்டுத் தண்டை வெளியே இழுத்தபோது, இத்தனை ஆண்டுகள் சட்டத்துக்குள்ளேயே மறைந்திருந்த பகுதி இன்னும் புதிதாக மின்னிக்கொண்டிருந்தது. அதற்கு மேல் அப்பா உட்கார்ந்த உயரத்தில் ஒரு துரு வளையம். கடைக்காரர் உப்புத்தாளை எடுத்தார். அந்த வளையத்தை மட்டும் தேய்க்க வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். 22 பல் ஃப்ரீவீல் கிடைக்கவில்லை, 20 போட்டிருக்கிறோம்.

முதல் வாரம் பத்து கி.மீ., பிறகு இருபது என்று கூட்டிக்கொண்டு வந்து, சென்ற ஞாயிறு அதிகாலை திருவான்மியூரிலிருந்து மாமல்லபுரம் வரை போய், கடற்கரைக் கோயில் பக்கம் இளநீர் குடித்துவிட்டுத் திரும்பினேன். முழங்கால் வலி அறவே இல்லை. வலது உள்ளங்கை மட்டும் மரத்துப்போனது; ஹேண்டில்பாரில் அழுத்திச் சாய்கிறேன் என்று நினைக்கிறேன். முட்டுக்காட்டுப் பாலத்தில், யாரும் துரத்தாமலே வேகத்தைக் கூட்டிவிட்டு, நெடும்பாதை அவர்கள் எழுதியது நினைவுக்கு வந்ததும் குறைத்துக்கொண்டேன். என்னைக் கடந்து போனவர்கள் பலர். அவர்களில் இருவரை மாமல்லபுரத்துக்கு முன்பே நிழலில் படுத்திருக்கக் கண்டேன்.

பொங்கல் கூட்டம் ஓய்ந்தபின் வரும் செவ்வாய்க்கிழமை கிளம்பலாம் என்று இருக்கிறேன். தம்பி கடலூரிலிருந்து தன் சைக்கிளில் சேர்ந்துகொள்கிறான். ஒரே ஒரு கேள்வி மிச்சம் இருக்கிறது: உள்ளங்கை மரத்துப்போவதற்கு ஹேண்டில்பாரை உயர்த்த வேண்டுமா, கைப்பிடியில் துணி சுற்றினால் போதுமா?

சக்கரம்63 எழுதுகிறார்:

தம்பி, சீட்டை உயர்த்தியதால் கைப்பக்கம் தாழ்ந்துவிட்டது. பாரம் உள்ளங்கைக்கு வந்திருக்கிறது. ஹேண்டில்பாரின் நடு போல்டைத் தளர்த்தி, அதன் தலையில் மரக்கட்டை வைத்து ஒரு தட்டுத் தட்டினால் தண்டு விடுபடும். ஓர் அங்குலம் தூக்கி முடுக்குங்கள். தண்டில் எல்லைக்கோடு இருந்தால் அதற்கு மேல் தூக்க வேண்டாம். கோடு இல்லாவிட்டால் இரண்டரை அங்குலமாவது உள்ளே நிற்க வேண்டும். உங்களுடையது கம்பி பிரேக் என்பதால் ஹேண்டில்பாரோடு முன் பிரேக் கம்பியும் மேலே ஏறும். அதன் இணைப்பைத் தளர்த்தி மீண்டும் சரிசெய்யாமல் வண்டியை எடுக்காதீர்கள். துணியும் சுற்றிக்கொள்ளுங்கள். கால் மணிக்கு ஒருமுறை கையை மாற்றிப் பிடியுங்கள். போய்ச் சேர்ந்ததும் ஒரு வரி எழுதுங்கள்.